புள்ளைக்கு கேன்சர்னு சொன்னப்புறம் நாட்டு மருந்து பத்தி எல்லாரும் கேக்குற கேள்விங்க

என் பொண்ணுக்கு அஞ்சு வயசுல ரத்தப் புற்றுநோய் வந்துச்சு. ஏ.எல்.எல்னு சொல்லுவாங்க, குழந்தைங்களுக்கு வர்றதுலயே அதிகமா வர்றது அதுதான். இப்ப ஒன்பதாவது படிக்கிறா. ஊரு திருத்துறைப்பூண்டி பக்கம். ரெண்டரை வருஷ ட்ரீட்மெண்ட்லயும் அதுக்கப்புறம் செக்கப்புக்குப் போறப்பவும் வார்டு வராண்டாவுல உக்காந்திருக்க புது அம்மாக்கள் என்கிட்ட கீமோ பத்திக் கேட்டது கம்மி, "இதோட அதையும் குடுக்கலாமாக்கா"ன்னு கேட்டதுதான் ஜாஸ்தி, அதுவும் டாக்டர் ரவுண்ட்ஸ் முடிச்சு அந்தப் பக்கம் போனப்புறம் குரலத் தாழ்த்திகிட்டு. வாட்சப்லயும் இதே கேள்விதான் வருது. தனித்தனியா டைப் பண்ணிப் பண்ணி அலுத்துப்போய் கேட்டவங்க வார்த்தையிலயே எல்லாத்தையும் ஒரு இடத்துல போட்டுட்டேன். நான் டாக்டர் இல்ல. எங்க டாக்டர், வார்டு சிஸ்டர், தெரிஞ்ச ஒரு சித்தா டாக்டர் இவங்கள்ட்ட கேட்டும் தேடிப் படிச்சும் தெரிஞ்சுகிட்டதுதான் இது, உங்க புள்ள விஷயத்த உங்க டாக்டர்ட்ட கேட்டுக்கங்க.

குழந்தைக்குக்கூடவா கேன்சர் வரும்? நாங்க என்ன பாவம்க்கா பண்ணோம்?

பாவமெல்லாம் ஒன்னும் இல்ல. உலகம் பூரா வருஷத்துக்கு சுமார் 4 லட்சம் பேருக்கு 19 வயசுக்குள்ள கேன்சர் வருது. பெரியவங்களுக்கு வர்றப்ப பீடி, பொகையிலன்னு ஒன்னக் கை காட்டலாம், புள்ளைங்களுக்கு அப்படிக் காட்ட முடியாது, பெரும்பாலும் செல் பிரியுறப்ப நடக்குற தப்புதான். ஒட்டிக்கவும் ஒட்டிக்காது, பக்கத்து வீட்டுப் புள்ள கூட வெளையாட விடாம வச்சிருக்காங்கன்னு ஒரு அம்மா அழுதாங்க, அதுக்காகவே இத எழுதுறேன்.

பணக்கார நாடுகள்ல 100 புள்ளைங்கள்ல 80க்கு மேல பொழச்சிக்குது. ஏழை நாடுகள் பலதுல 30 கூட இல்ல. மருந்து பெரும்பாலும் அதே மருந்துதான். லேட்டா வர்றது, வேற நோய்னு நெனச்சுப் பாத்துகிட்டே இருக்கிறது, பாதியில நிறுத்துறது, நடுவுல கிருமி தொத்திப் போறது, இதெல்லாந்தான் வித்தியாசம். 2030க்குள்ள உலகம் பூரா 60 சதவீதமாச்சும் பொழைக்க வைக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் 2018ல ஒரு திட்டம் ஆரம்பிச்சிருக்கு. நாட்டு மருந்துக் கேள்வி நான் சொன்ன இந்த எல்லாத்துலயும் வந்து நிக்குது, அதான் இவ்ளோ நீளமா எழுத வேண்டியதாப் போச்சு.

மாந்தம்னு நெனச்சு சூடு போட்டோம், தொக்கம் எடுத்தோம், குடலேத்தம்னு தட்டி விட்டோம். அதனாலதான் இப்படி ஆச்சா?

அதனால வரல, மனசப் போட்டு வாட்டிக்காதீங்க. ஆனா அதுல போன நாளு போனதுதான். கிட்னியில வர்ற வில்ம்ஸ்ங்கிற கேன்சர் கட்டி குளிப்பாட்டுறப்ப கைக்கு ஒரு பக்கமா கெட்டியா தட்டுப்படும், பெருசா வலிக்காது, புள்ள நல்லா வெளையாடிகிட்டுகூட இருக்கும். அத எண்ணெ போட்டு உருவி அழுத்துனா உள்ளயே ஒடஞ்சு பரவிடலாம். அதுக்காகத்தான் சில ஆஸ்பத்திரியில அந்தப் புள்ள கட்டில்ல "வயித்த அழுத்தாதீங்க"ன்னு எழுதியே மாட்டிருப்பாங்க.

கண்ணும் அப்படித்தான். போட்டோ எடுத்தா ஒரு கண்ணு மட்டும் வெள்ளையா மின்னுறது, ஊர்ல பூனைக்கண்ணுன்னு சொல்லிட்டு நந்தியாவட்டப் பூவுச் சாறும் தாய்ப்பாலும் விட்டுகிட்டு இருப்பாங்க, அது ரெட்டினோபிளாஸ்டோமாங்கிற கண்ணு கேன்சரா இருந்தா சீக்கிரம் வந்தா உயிரு மட்டும் இல்ல, பல நேரம் கண்ணே தப்பிச்சிடும். முட்டிக்கிட்ட வீக்கம், ராத்திரியில வலிச்சு அழுகுறது, "பந்து வெளையாண்டு அடிபட்டிருக்கும்"னு மூங்கில் பட்ட வச்சு கட்டுக் கட்டி மூணு மாசம் கழிச்சு எக்ஸ்ரே எடுத்தா எலும்புல கேன்சர். கட்டி, கண்ணுல வெள்ளை இந்த ரெண்டுக்கும் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீங்க. காரணம் தெரியாத காய்ச்சல், வெளிறிப்போறது, தானா செவப்புப் புள்ளி புள்ளியா வர்றதுன்னா அன்னிக்கே ஒரு ரத்த டெஸ்ட்.

எங்க தாத்தா காலத்துல கீமோவா இருந்துச்சு? நாட்டு வைத்தியம் மட்டும் பாத்தா ஆகாதா?

தாத்தா காலத்துல கீமோ இல்ல. அதனால ரத்தப் புற்றுநோய் வந்த புள்ளைங்க சில மாசத்துல போயிடுச்சுங்க, என்ன நோய்னுகூடத் தெரியாம காய்ச்சல், சோகைன்னு சொல்லி அடக்கம் பண்ணிட்டாங்க, அந்தக் கணக்கு தாத்தா கதையில வராது. 1948லதான் போஸ்டன்ல சிட்னி ஃபார்பர்னு ஒரு டாக்டர் அமினோப்டெரின்கிற மருந்த 16 புள்ளைங்களுக்குக் குடுத்து 10 பேருக்கு நோய் தற்காலிகமா அடங்குனத எழுதுனாரு. அந்த மருந்த உண்டாக்குன குழுவுக்குத் தலைமை யாருன்னு நெனைக்கிறீங்க, எல்லாப்பிரகட சுப்பாராவ், பீமவரத்துக்காரரு, நம்ம சென்னை மருத்துவக் கல்லூரியில படிச்சவரு. காந்தி சொன்னாருன்னு கதர் போட்டுகிட்டு ஆபரேஷன் வகுப்புக்குப் போனதுல புரொஃபசருக்கு ஆகாமப் போயி எம்.பி.பி.எஸ் கெடைக்காம அதவிடக் கொறஞ்ச எல்.எம்.எஸ் பட்டந்தான் குடுத்தாங்க. அப்புறம் சென்னையிலயே ஒரு ஆயுர்வேதக் கல்லூரியில பாடம் எடுத்துட்டுத்தான் அமெரிக்கா போனாரு. நம்ம புள்ளைங்க முழுங்குற மெத்தோட்ரெக்சேட் மாத்திரையும் அந்த வழியில வந்ததுதான். "இங்கிலீஷ் மருந்து"ன்னு யாராச்சும் மூஞ்சியச் சுளிச்சா எனக்கு இவரு ஞாபகந்தான் வரும்.

இன்னொன்னு, 2018ல அமெரிக்காவுல வந்த ஆராய்ச்சி. வழக்கமான ட்ரீட்மெண்ட வேண்டாம்னுட்டு மாற்று மருத்துவம் மட்டும் பாத்தவங்க சாகுற வாய்ப்பு ரெண்டரை மடங்கு இருந்துச்சு. அது பெரியவங்கள வச்சு பண்ணது, குணப்படுத்தக்கூடிய நெலையில இருந்தவங்க. புள்ளைங்க கேன்சரு அதவிட வேகமா ஓடும்.

கீமோன்னா விஷந்தானே? மூலிகைல சைடு எஃபெக்ட் கெடையாதுல்ல?

நம்ம ஊரு சுடுகாட்டு ஓரம், மதகு ஓரம், வாசப்படி ஓரம் எல்லாம் ரோஸ் கலர்ல பூத்துக் கெடக்குமே நித்யகல்யாணி, சுடுகாட்டு மல்லின்னும் சொல்லுவோம். வாரத்துக்கு ஒரு தடவ ஊசியில ஏத்துறாங்கள்ல வின்கிரிஸ்டின், அது அந்தச் செடிலேந்து எடுக்குறது. சக்கர நோய்க்கு ஆகும்னு ஜமைக்காவுல சொன்னாங்கன்னு 1950கள்ல கனடாவுல சோதிச்சுப் பாத்தாங்க, சக்கர கொறையல, வெள்ளை அணுக்கள்தான் கொறஞ்சுச்சு, அங்கேந்து பிடிச்சுகிட்டாங்க. ஒரு கிராம் வின்கிரிஸ்டின் எடுக்க காஞ்ச இலை அரை டன் போல வேணும்.

இதச் சொன்னா ஒரு அண்ணன் உடனே "அப்ப இலையவே அரைச்சுக் குடுத்தா என்னம்மா"ன்னாரு. அந்த இலையில 70க்கு மேல சரக்கு இருக்கு, எது எவ்ளோன்னு யாருக்கும் தெரியாது. புள்ளைக்கு ஊசில ஏத்துறது ஒரு தடவைக்கு அதிகபட்சமே 2 மில்லிகிராம்தான். அதுக்கே மலச்சிக்கலும் கால் தளர்ச்சியும் வருது. மூலிகைன்னா ஒன்னும் பண்ணாதுன்னு சொல்றவங்க மூலிகைய ரொம்ப லேசா எடை போடுறாங்கன்னு நெனைக்கிறேன்.

ஒரு மாசத்துல எலும்பு மஜ்ஜை டெஸ்ட்ல கேன்சர் செல்லு இல்லன்னு வந்துருச்சு. இனிமே சித்தாவுக்கு மாறிக்கலாமா?

இதுலதான் ரொம்பப் பேரு புள்ளையப் பறிகொடுக்குறாங்க. நோய் கண்டுபிடிக்கிறப்ப உடம்புல லட்சம் கோடி கேன்சர் செல்லு இருக்கும்பாங்க. மைக்ராஸ்கோப்ல "இல்ல"ன்னு தெரியுற நாள்லயும் ஆயிரம் கோடி வரைக்கும் ஒளிஞ்சிருக்கலாம். வயல்ல கோரை மண்டுச்சுன்னா என்ன பண்ணுவோம், மேல அறுத்து விட்டா நாலு நாளு வயலு சுத்தமாத்தான் தெரியும், அடியில கெழங்கு கெடக்கும், ஒரு மழை பேஞ்சா திரும்பக் கெளம்பும். ரெண்டு ரெண்டரை வருஷ மாத்திரை அந்தக் கெழங்குக்குத்தான். திரும்பி வந்த நோய அதே மருந்துக்கு அடக்குறது ரொம்பக் கஷ்டம்.

தொடர்ந்து நாலு வாரம் போகலன்னா "ட்ரீட்மெண்ட்ட விட்டுட்டாங்க"ன்னு உலகம் பூரா கணக்குல எழுதுவாங்க. அப்படி விட்டிருந்தாலும் வெக்கப்படாம திரும்பிப் போங்க, திட்டு விழுந்தா விழட்டும்.

விடாம கீமோவும் போடுறோம், கூட லேகியமும் குடுக்குறோம். அது ஒரு பக்கம் இது ஒரு பக்கம், என்ன ஆயிடும்?

எங்க வீட்டுல ஆனத சொல்றேன். ரெண்டாவது வருஷம் எங்கம்மா ஒரு வைத்தியர்ட்டேந்து லேகியம் வாங்கியாந்தாங்க. பழைய ஹார்லிக்ஸ் பாட்டில், உள்ள கன்னங்கரேல்னு, நெய்யும் லவங்கமும் கலந்த வாசன, மூடிக்குள்ள மடிச்ச ஒரு துண்டுச் சீட்டு, அதுல "காலை மாலை சுண்டைக்காய் அளவு" அவ்ளோதான் எழுதியிருந்துச்சு. ரத்தம் ஊறும்னாங்க. நானும் வேணாம்னு சொல்லல. ஆறு வாரத்துல லிவர் டெஸ்ட்ல 40க்குள்ள இருக்க வேண்டிய எஸ்.ஜி.பி.டி 600 தாண்டிருச்சு. மஞ்சக்காமாலைக் கிருமி டெஸ்ட் எல்லாம் எடுத்தாங்க, ஒன்னும் இல்ல. மெர்காப்டோப்யூரின், மெத்தோட்ரெக்சேட்னு ரெண்டு கீமோ மாத்திரையையும் நிறுத்தி மூணு வாரம். அந்த மூணு வாரமும் கோரைக் கெழங்குதான் கண்ணு முன்னாடி. நான் வாயே தொறக்கல. கடைசியில ஒரு சிஸ்டர் பக்கத்துல உக்காந்து "வேற ஏதாச்சும் குடுக்குறீங்களாம்மா, எல்லாரும்தான் குடுக்குறாங்க"ன்னு சாதாரணமா கேட்டாங்க, அன்னிக்குத்தான் பாட்டில எடுத்துக் குடுத்தேன். நிறுத்துனதும் மெல்ல எறங்குச்சு. உள்ள என்ன இருந்துச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது.

அந்த ரெண்டு மாத்திரையும் லிவருக்கு ஏற்கனவே பாரம். மேல இன்னொன்னு வச்சா எது கெடுத்துச்சுன்னு டாக்டரால பிரிச்சுப் பாக்க முடியாது, நல்ல மருந்தையும் சேத்து நிறுத்த வேண்டி வரும். கொரோனா சமயத்துல எதிர்ப்பு சக்திக்குன்னு எல்லாரும் சீந்தில் குடிச்சாங்கள்ல, அதுல லிவர் பாதிச்சவங்க கேஸ 2021ல மும்பை டாக்டர்கள் எழுதுனாங்க. எதிர்ப்பு சக்தியத் தூண்டுறதே ரத்தப் புற்றுநோய் புள்ளைக்கு நல்லதான்னு யாரும் நிரூபிக்கல, கெட்டுப்போனது அந்த எதிர்ப்பு சக்தி அணுக்கள்தானே.

சரி, எதெல்லாம் கண்டிப்பா கூடாது? ஒரு வரியில சொல்லுக்கா.

ஒரு வரியில முடியாது. பச்சையா அரைச்ச எந்தச் சாறும் வேணாம், அருகம்புல், கீரைச் சாறு, கோதுமைப்புல் எல்லாம் சேத்துத்தான். மண்ணுல மொளைச்சது, அதுல கிருமியும் பூஞ்சையும் இருக்கும், நமக்கு ஒன்னும் ஆகாது, வெள்ளை அணு 500க்குக் கீழ இருக்குற புள்ளைக்கு அது போதும். கோமியம் வேணவே வேணாம். வயித்தச் சுத்தம் பண்றேன்னு பேதிக்குக் குடுக்குறது, எனிமா, ஆசனவாயில வைக்கிற மருந்து எதுவும் கூடாது, உள்ள சின்னக் கீறல் விழுந்தாலும் ரத்தமும் கிருமியும் சேந்து வரும். 100.4 டிகிரி காய்ச்சல்னா கஷாயம் வச்சுப் பாத்துட்டுப் போகலாம்னு இருக்காதீங்க, ராத்திரி ரெண்டு மணின்னாலும் கெளம்புங்க, ஆஸ்பத்திரிக்குள்ள போன ஒரு மணி நேரத்துக்குள்ள ஆன்ட்டிபயாட்டிக் ஏறணும்.

அப்புறம் ஃபோலிக் ஆசிட் கலந்த சத்து டானிக், மெத்தோட்ரெக்சேட் எதத் தடுக்குதோ அதையே நாம அள்ளிக் குடுக்குற மாதிரி. கீரை சமைச்சுச் சாப்பிட்டா பரவால்ல, டானிக்தான் டாக்டர் சொல்லாம கூடாது. பம்பளிமாஸ் பழமும் சில மருந்த ரத்தத்துல ஏத்தி விடும், கேட்டுட்டுக் குடுங்க. இரும்புச் சத்து டானிக்கும் தானா வாங்காதீங்க, ரத்தம் ஏத்தி ஏத்தி உடம்புல இரும்பு ஏற்கனவே சேந்துகிட்டுத்தான் இருக்கும்.

மஞ்சள் கேன்சர அழிக்கும்னு எல்லா வீடியோலயும் சொல்றாங்களே?

ரசத்துல, குழம்புல போடுறது போடுங்க. ஆராய்ச்சிக் கண்ணாடித் தட்டுல மஞ்சளோட சாரம் கேன்சர் செல்லக் கொன்னது நெசந்தான், ஆனா வாயில சாப்பிட்டா ரத்தத்துக்குப் போறது ரொம்பக் கொஞ்சம். மிளகு சேத்தா ஏறும்னு மாத்திரையா விக்கிறாங்க, மிளகு சாரம் மத்த மருந்து உடம்புல தங்குறதையும் மாத்தும், அதனால மாத்திரை வேணாம். பொடி வாங்குறப்ப பளிச்சுன்னு மஞ்சளா இருக்கறத நம்பாதீங்க, கலருக்காக ஈயம் கலந்த சாயம் போட்டு மாட்டிருக்காங்க. கெழங்கு வாங்கி அரைச்சுக்கறது நல்லது.

பிளேட்லெட் 15 ஆயிரம்தான் இருக்கு, பப்பாளி இலைச் சாறு குடுத்தா ஏறுமாமே? டெங்குக்கு குடுத்தோமே.

டெங்குல பிளேட்லெட் சில நாள்ல தானாவே ஏறும், அந்தச் சமயம் எது குடுத்தாலும் அதுதான் ஏத்துச்சுன்னு தோணும். பப்பாளி இலைய வச்சு நடந்த ஆராய்ச்சியெல்லாம் பெரும்பாலும் டெங்குக்குத்தான். ரத்தப் புற்றுநோய்ல பிளேட்லெட் செய்யுற எடத்தையே கேன்சர் செல்லு அடைச்சுகிட்டு உக்காந்திருக்கு, இல்ல கீமோவால அந்த எடம் ஓஞ்சு கெடக்கு. இலை அத ஒன்னும் பண்ணாது. அதோட பச்சைச் சாறுன்னா என்னன்னு மேலயே சொல்லிட்டேன்.

முள் சீத்தாப்பழம் கீமோவ விட பத்தாயிரம் மடங்கு பவராமே?

அந்த ஃபார்வர்டு எனக்கு மட்டும் முப்பது தடவ வந்திருக்கும். கண்ணாடித் தட்டுல நடந்தத எடுத்து ஊதிப் பெருக்குனது. மனுஷங்களுக்குக் குடுத்து கேன்சர் போச்சுன்னு ஒரு ஒழுங்கான ஆராய்ச்சியும் கெடையாது. அந்த மரத்துல நரம்பக் கெடுக்குற அன்னோனாசின்னு ஒரு சரக்கு இருக்கு, குவாடலூப்ங்கிற தீவுல அந்தப் பழமும் இலைக் கஷாயமும் நெறய எடுத்துகிட்டவங்களுக்கு வந்த ஒரு நடுக்கு வாதத்துக்கு அதத்தான் சந்தேகப்படுறாங்க. வின்கிரிஸ்டின் ஏற்கனவே நரம்பத்தான் பிடிக்குது.

வைத்தியர் பத்தியம் சொல்லிருக்காரு. முட்ட, மீனு, பாலு, புளி, உப்பு எதுவும் கூடாதாம்.

என்னைக் கேட்டா மருந்த விட இந்தப் பத்தியந்தான் பெரிய ஆபத்து. ரசஞ்சோறும் சுட்ட அப்பளமுமா மூணு மாசம் சாப்பிட்டு எலும்பும் தோலுமா வந்த பையன நான் பாத்தேன். மெலிஞ்ச புள்ள கீமோவத் தாங்காது, டாக்டர் டோஸக் கொறைப்பாரு இல்ல தள்ளிப் போடுவாரு, அப்ப கீமோதான் புள்ளையக் கெடுத்துச்சுன்னு பழி வரும். நல்லா வெந்த முட்ட, கொதிக்க வச்ச பாலு, நல்லா வேக வச்ச மீனு, பருப்பு, நெய்ச் சோறு எல்லாம் குடுங்க. ஆத்து மீனா கடல் மீனான்னு கேக்காதீங்க, அன்னிக்குப் புடிச்சதா இருக்கணும், வெந்திருக்கணும். பாதி வெந்த ஆம்லெட், கடை சட்னி, வெட்டி வச்ச பழம், தெருவுல விக்கிற கரும்புச் சாறு இதெல்லாந்தான் வேணாம். பழைய சோறு வெள்ளை அணு கொறஞ்ச நாள்ல வேணாம், மத்தபடி எனக்கும் ரொம்பப் புடிக்கும்.

வைத்தீஸ்வரன் கோயிலுக்கு வேண்டியிருக்கோம். அங்க பிரசாதமா தர்ற மருந்து உருண்ட, திருச்சாந்துருண்ட, அதக் குடுக்கலாமா? மொட்ட போடலாமா?

வேண்டுதல யாரும் வேணாம்னு சொல்லல. வைத்தீஸ்வரன் கோயில், நாகூர், வேளாங்கண்ணி மூணுக்கும் நானும் போயிருக்கேன், எங்க வார்டுல மூணு சாமி படமும் ஒரே ஜன்னல் கட்டைலதான் இருந்துச்சு. புள்ளையக் கூட்டிகிட்டுப் போறத மட்டும் வெள்ளை அணு நல்லா இருக்குற நாளாப் பாத்து, டாக்டர்ட்ட கேட்டு, கூட்டமில்லாத கெழமையாப் போங்க. கொளத்துல முக்கி எடுக்குறது வேணாம். உருண்டைய நெத்தியில இட்டு விடுங்க, உள்ளுக்குக் குடுக்க வேணாம், தீர்த்தமும் அப்படியே. திருநீறு நெத்தியோட நிக்கட்டும், கையில ட்யூபு போட்ட எடத்துக்கிட்ட வேணாம், மருந்து ஏத்த நெஞ்சுல போர்ட்டு வச்சிருந்தா அங்கயும் வேணாம்.

மொட்டைக்கு பிளேடு கூடாது, ஒரு சின்ன வெட்டு போதும் சீழ் புடிக்க. மெஷின்ல ஒட்ட வெட்டிட்டு ஒரு பிடி முடிய சாமிக்குப் போடுங்க, எப்படியும் கொட்டத்தான் போகுது. காதுகுத்து எல்லாம் முடிஞ்சப்புறம். தாயத்துக் கட்டுனா கட்டுங்க, ஊசி குத்துற கையில இறுக்கிக் கட்டாதீங்க, எம்.ஆர்.ஐ அன்னிக்குக் கழட்டச் சொன்னா சண்டை போடாம கழட்டிக் குடுத்துடுங்க. நாடி ஜோசியத்துல "இன்ன தேதிக்கப்புறம் மருந்து வேண்டாம்"னு வந்துச்சுன்னு ஒருத்தர் நிறுத்தப் பாத்தாரு. ஏட்டுல வந்தாலும் நிறுத்தாதீங்க, அவ்ளோதான் சொல்வேன்.

அப்ப நாட்டு மருந்துல ஒன்னு கூடவா உருப்படியா இல்ல?

இருக்கு. டெல்லி எய்ம்ஸ்ல எலும்புக் கேன்சர் வந்த புள்ளைங்க, இளவயசுப் பசங்களுக்கு வாந்தி மாத்திரையோட சேத்து சுக்கு மாதிரி இஞ்சிப் பொடி குடுத்துப் பாத்தாங்க, எது இஞ்சி எது வெறும் பொடின்னு குடுக்குறவங்களுக்கே தெரியாம, முறையா. இஞ்சி குடுத்தவங்களுக்குக் குமட்டலும் வாந்தியும் கொறஞ்சுச்சு. வாந்தி மாத்திரைக்குப் பதிலா இல்ல, அதோட சேத்து, அத விட்டுடாதீங்க. பிளேட்லெட் ரொம்பக் கொறஞ்ச நாள்ல இஞ்சியையும் கேட்டுட்டுத்தான் குடுக்கணும். கீமோவால வர்ற வாய்ப்புண்ணுக்கு தேன் தடவுனதுல எகிப்துல புள்ளைங்களுக்கு சீக்கிரம் ஆறுச்சு. மலைத்தேன், கூட்டுத்தேன்னு வடிகட்டாதது வேணாம், ஒரு வயசுக்குள்ள எந்தத் தேனும் கூடாது. மெதுவா கை கால் அமுக்கி விடுறது, பாட்டு, மூச்சுப் பயிற்சி இதெல்லாம் பயத்தையும் வலியையும் கொறைக்கும். கேன்சரக் கொணப்படுத்துறேன்னு சொல்லாத எதுக்கும் நான் எதிரி இல்ல.

வெள்ளப் பாஷாணத்த இப்ப அலோபதியிலயே கேன்சருக்கு ஏத்துறாங்களாம். அப்ப சித்தர் சொன்னது சரிதானே?

பாதி நெசம். ஏ.பி.எல்னு ஒரு வகை ரத்தப் புற்றுநோய்க்கு ஆர்சனிக் ட்ரையாக்சைடு ஊசி போடுறாங்க, அது நாம சொல்ற வெள்ளப் பாஷாணந்தான், சீனாக்காரங்க அவங்க நாட்டு மருந்துலேந்து எடுத்தது, வேலூர் சி.எம்.சி.யில வருஷக் கணக்கா குடுத்து நல்லா பலன் பாத்திருக்காங்க. ஆனா அந்த ஒரு வகைக்கு மட்டுந்தான். சுத்தம் பண்ணி, எடைக்குத் தக்க மில்லிகிராம் கணக்குல, இ.சி.ஜி எடுத்துப் பாத்துகிட்டே ஏத்துறது. நித்யகல்யாணிக்குச் சொன்ன அதே கணக்குதான், சரக்கு ஒன்னா இருந்தாலும் அளவு தெரியாத பொட்டலம் மருந்தாகாது.

பஸ்பம், செந்தூரம் பத்தியும் இங்கயே சொல்லிடுறேன். 2004ல போஸ்டன் கடைகள்ல வித்த 70 ஆயுர்வேத மருந்த சோதிச்சதுல 14ல ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஏதாச்சும் ஒன்னு அளவுக்கு மேல இருந்துச்சு, எல்லாம் நம்ம தெற்காசியாவுல செஞ்சது. ஈயம் புள்ளைங்க மூளையக் கெடுக்கும்.

அப்ப சித்தா டாக்டர் எல்லாரும் போலியா?

அப்படிச் சொல்லவே மாட்டேன். பி.எஸ்.எம்.எஸ்னு சித்தா பட்டம் படிச்ச டாக்டருங்க அரசு ஆஸ்பத்திரி சித்தா பிரிவுலயே இருக்காங்க, தாம்பரம் சானடோரியத்துல தேசிய சித்த மருத்துவ நிறுவனமே இருக்கு. எனக்குத் தெரிஞ்ச சித்தா டாக்டர்ட்ட என் பொண்ணு ஃபைலக் காட்டுனப்ப "இத நான் தொட மாட்டேன்மா, அங்கயே முடிச்சுட்டு வாங்க"ன்னு சொல்லி காசு வாங்காம அனுப்பிட்டாரு. நல்ல வைத்தியருக்கு அதுதான் அடையாளம். கேன்சரக் கொணப்படுத்துறேன்னு விளம்பரம் போடுறவரு எந்த மருத்துவமா இருந்தாலும் சட்டத்த மீறுறாரு, 1954லேந்தே அப்படி விளம்பரம் பண்ணத் தடை இருக்கு. ஹோமியோபதியும் இங்கயே கேட்டுடுறாங்க, கேன்சர் அதால போகாது.

ஒரு வைத்தியர் பொடி குடுத்தாரு, ஒரே வாரத்துல புள்ள எந்திரிச்சு ஓடுறான், பசி எடுக்குது. இது பொய்யா?

ஓடுறது பொய் இல்ல. ஆனா பேரில்லாத சில பொடியில ஸ்டீராய்டு மாத்திரைய இடிச்சுக் கலந்து விக்கிறது பல எடத்துல புடிபட்டிருக்கு. ஏ.எல்.எல்லுக்கு மொத மாசம் ஆஸ்பத்திரியில குடுக்குறதே ஸ்டீராய்டுதான், அதுக்கு கேன்சர் செல்லு கொஞ்ச நாளு கரையும், பசி அள்ளும், மூஞ்சி உப்பி நெறமாகும். தனியா அது மட்டும் குடுத்தா நோய் அடங்குன மாதிரி நடிச்சுட்டு இன்னும் முரடாத் திரும்பி வரும். நோய் கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடியே குடுத்துட்டா டெஸ்ட்லயே சரியாத் தெரியாது. அந்தப் பொட்டலத்தக் கையோட எடுத்துட்டுப் போயி டாக்டர்ட்ட காட்டுங்க, டெஸ்ட் எடுக்குறதுக்கு முன்னாடியே.

கத்தி பட்டா கேன்சர் பரவிடும்னு வைத்தியர் சொல்றாரே?

இல்ல. சதை எடுத்துப் பாக்காம எந்தக் கேன்சர்னு தெரியாது, எந்தக் கேன்சர்னு தெரியாம மருந்து கெடையாது. எங்க, எப்படி எடுக்கணும்னு தெரிஞ்ச எடத்துல எடுக்கணும், அவ்ளோதான்.

டாக்டர்ட்ட சொன்னா திட்டுவாரே. சொல்லாம இருந்துட்டா என்ன?

மேல என் கதைய ஏன் அவ்ளோ நீளமா சொன்னேன்னா இதுக்குத்தான். லேகியத்தால ஒரு நஷ்டம்னா மறைச்சதால மூணு வாரம் நஷ்டம். சில டாக்டருங்க திட்டத்தான் செய்யுறாங்க, திட்டுனா அடுத்த தடவ யாரும் சொல்ல மாட்டாங்கன்னு அவங்களுக்கும் யாராச்சும் சொல்லணும். நேரா சொல்லப் பயமா இருந்தா சிஸ்டர்ட்ட சொல்லுங்க. பாட்டிலு, பொட்டலம், சீட்டு எல்லாத்தையும் போட்டோ எடுத்து வச்சுக்கங்க, எந்தத் தேதி ஆரம்பிச்சது, எவ்ளோன்னு ஃபைல் பின்பக்கம் எழுதிடுங்க. "இதக் குடுக்கலாமா"ன்னு கேக்குறதவிட "இத இத்தன நாளா குடுத்துகிட்டு இருக்கோம்"னு சொல்றதுதான் அவங்களுக்கு உபயோகம்.

எங்க அப்பாயி கேக்கவே மாட்டேங்குது. நான் இல்லாத நேரம் பார்த்து குடுத்துடுது.

அவங்களுக்குப் பாசம், கையக் கட்டிகிட்டு உக்கார முடியல. வேலை குடுங்க. கஞ்சி அவங்க வைக்கட்டும், ராத்திரி மாத்திரை டப்பா அவங்க பொறுப்புல இருக்கட்டும். ஒரு தடவ கூட்டிகிட்டுப் போயி டாக்டர் வாயால கேக்க வைங்க, மருமக சொல்லி எந்த மாமியார் கேட்டாங்க. எங்கம்மாவே அதுக்கப்புறம் வராண்டாவுல மத்தவங்களுக்கு லேகியம் வேணாம்னு கிளாஸ் எடுத்தாங்க.

நம்பிக்கைக்கு இல்லம்மா, காசுக்குத்தான். வைத்தியர் ஐநூறு ரூவாய்க்குக் குடுக்குறாரு.

இத வெளிப்படையா சொன்ன ஒரே ஆளு ஒரு கூலிக்காரத் தகப்பன். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும் உண்டு, வி.ஏ.ஓ கிட்ட வருமானச் சான்று வாங்கி கார்டு போடுங்க, சேந்த ஆஸ்பத்திரிலயே அதுக்குன்னு ஒரு டேபிள் இருக்கும். ரயில்ல கேன்சர் நோயாளிக்கு ஸ்லீப்பர், மூணடுக்கு ஏ.சி.யில டிக்கெட் முழுசா இலவசம், கூட வர்ற ஒருத்தருக்கு முக்கால் பங்கு கழிவு, ஆஸ்பத்திரியில அந்த ஃபாரம் கேட்டு வாங்கணும், அவங்களா தர மாட்டாங்க. தஞ்சாவூர்ல உழவன் எக்ஸ்பிரஸ்ல நைட்டு ஏறுனா காலையில சென்னை எழும்பூர். நடவு, அறுப்பு நேரத்துல கூலி போகுதேன்னு ஒரு தேதி தள்ளிப் போடுறவங்க, தயவுசெஞ்சு அத டாக்டர்ட்ட சொல்லுங்க, சில மாத்திரையும் ரத்த டெஸ்ட்டும் தஞ்சாவூர்லயே பாக்க ஏற்பாடு பண்ணித் தருவாங்க.

நம்ம ஜனங்க மட்டுந்தான் இப்படி இருக்கோமா?

இல்லவே இல்ல. ஆப்பிரிக்காவுல தாடையில வீங்குற பர்கிட்ங்கிற கேன்சர் கட்டிய நாட்டு வைத்தியர் பிளேடால கீறி மருந்து வச்சுட்டு அனுப்புவாரு. இந்தோனேசியா, கென்யா, குவாத்தமாலா எல்லா எடத்துலயும் இதே வராண்டா பேச்சுதான். பணக்கார நாட்டுலயும் குடுக்குறாங்க, அங்க ட்ரீட்மெண்ட விடாம கூடக் குடுக்குறாங்க.

டாக்டரே இனிமே ஒன்னும் பண்ண முடியாதுன்னுட்டாரு. இப்பவாச்சும் நாட்டு மருந்து குடுக்கலாமா?

இதுக்கு மட்டும் எனக்குக் கை ஓட மாட்டேங்குது. குடுக்கலாம். புள்ளைக்குப் புடிச்சா, கசக்கலன்னா, பத்தியம் இல்லன்னா, வீட்ட அடகு வைக்கச் சொல்லலன்னா குடுங்க. பத்து லட்சம் கேக்குறவரு வாசல்ல நிக்காதீங்க. "ஒன்னும் பண்ண முடியாது"ன்னா நோயப் போக்க முடியாதுன்னு அர்த்தம், வலியப் போக்க முடியும். மார்ஃபின் வாய் வழியா குடுக்குற மருந்தாவே இருக்கு, புள்ளைங்களுக்கும் அளவா குடுக்கலாம், அத வாங்காம புள்ளைய அழ விட்டுடாதீங்க. வலி நிவாரணப் பிரிவு எங்க இருக்குன்னு அதே டாக்டர்ட்ட கேளுங்க. அவனுக்கு என்ன தின்ன ஆசையோ அத வாங்கிக் குடுங்க, இப்ப கரும்புச் சாறு கேட்டா கரும்புச் சாறும்.

எல்லாம் முடிஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சு. இப்ப சளிக்கு கஷாயம் வைக்கலாமா?

தாராளமா. தூதுவளை ரசம், ஓமத் தண்ணி, கற்பூரவல்லி எல்லாம் நானும் வைக்கிறேன், சமையல் மாதிரி வைங்க, மாசக் கணக்குல வேளா வேளைக்குன்னு வேணாம். காய்ச்சல் மூணு நாளு தாண்டுனா, கழுத்துல நெறி கட்டுனா ரத்த டெஸ்ட்டுதான் மொதல்ல. சில கீமோ மருந்து ஹார்ட்டக் கொஞ்சம் தொடும், அதனால எக்கோன்னு ஹார்ட் ஸ்கேன் எடுக்கச் சொல்லிருந்தா விடாம எடுங்க. அந்தப் பழைய ஃபைல பரண்ல தூக்கிப் போட்டுடாதீங்க, பிளாஸ்டிக் கவர் போட்டு ரேஷன் கார்டோட வைங்க, புள்ள கல்யாணமாகிப் போறப்ப அதையும் குடுத்து அனுப்பணும்.